என் பெயருக்குக் கீழே ஒரு வரி

1

பத்திரிகை திருத்த உட்கார்ந்தவர்கள் நான்கு பேர்: என் அம்மா கஸ்தூரி, அப்பா, மேடவாக்கத்தில் மனைத் தரகு பார்க்கும் முருகேசன் மாமா, மாப்பிள்ளையின் அப்பா. வராதவர்கள் மூன்று பேர். மாப்பிள்ளை பிரகாஷுக்கு அன்று சிறுசேரியில் ஆபீஸ். கல்யாணப் பெண், அதாவது என் தங்கை திவ்யா, அதே வீட்டுச் சமையலறையில் பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. ஆகவே வராதவர்கள் வரிசையில்தான் அவளையும் சேர்க்க வேண்டும். மூன்றாவது ஆள் நான். முடிச்சூர் வீட்டு ஹாலில், தண்ணீர்ச் செம்பின்மேல் சாய்த்து வைத்த கைப்பேசிக்குள் என் முகம் மட்டும் இருந்தது. மற்றதெல்லாம் ஜெர்மனியில் ஓர் ஆரம்பப் பள்ளியின் கொதிகலன் அறையில் இருந்தது.

கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகும் முன் இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து சரிபார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். எழுத்துப்பிழை பார்க்கிறார்கள் என்று யாராவது நினைத்தால் அவர் வெகுளி. யார் பெயருக்குக் கீழே என்ன பட்டம், என்ன உத்தியோகம் என்பதைத்தான் பார்ப்பார்கள். முகூர்த்த நேரம் தப்பாக இருந்தால்கூடப் பேனாவால் திருத்திக் கொடுத்துவிடுவார்கள். ஒரு துணை மேலாளர் வெறும் மேலாளர் ஆனால் பரவாயில்லை. வெறும் பெயராக நின்றுவிட்டால் அந்தக் குடும்பம் பந்தியில் உட்காராது.

மாமா கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளிக்கொண்டு வாசித்தார். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வாசிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவன் நான். ஆகவே மாமா வாசித்ததுதான் பத்திரிகை.

“தங்கள் நல்வரவை விரும்பும்... அடுத்தது நம்ம புள்ள. ஆர். சதீஷ், பி.இ., மென்பொருள் பொறியாளர், ஜெர்மனி. எப்டி கீது?”

“கம்பெனி பேரும் போடலாமே,” என்றார் சம்பந்தி. “எங்க சைடுல எல்லாருக்கும் போட்டிருக்கு. பார்க்கறவங்களுக்கு ஒரு வெயிட்டா இருக்கும்.”

“போட்டுடலாம் சார். டேய் சதீசு, கம்பெனி பேர் இன்னாடா? ஸ்பெல்லிங்கோட சொல்லு.”

“மாமா, அந்த வரியே தப்பு,” என்றேன். “நான் சாஃப்ட்வேர்ல இல்ல. இங்க ஒரு ஸ்கூல்ல பராமரிப்பு வேலை பாக்கறேன். பத்து மாசமாச்சு. அதையே போடுங்க.”

சமையலறையில் வாழைக்காய் சீவும் சத்தம் நின்றது.

“லைன் சரியில்ல சார்,” என்று மாமா சிரித்தார். “ஏதோ ஸ்கூலுக்கு சாஃப்ட்வேர் பண்ணிகினுகீறான்.”

“இல்ல மாமா. கதவு, ஜன்னல், ஹீட்டர், அடைச்சுக்கிட்ட டாய்லெட்.”

கைப்பேசி குப்புறக் கவிழ்ந்தது. அதன்பின் எனக்குத் தெரிந்தது மேசைவிரிப்பின் இருட்டு மட்டும்தான்.

2

இன்றோடு அந்தப் பள்ளியின் சாவிக்கொத்து என் கைக்கு வந்து ஓராண்டு ஆகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஊரிலிருந்து நண்பர்கள் “அங்க லைஃப் எப்படி மச்சான்?” என்று கேட்கும்போது அவர்களுக்கு என்ன பதில் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பனி, சுத்தமான ரயில், பியர், சம்பளம். பனியும் ரயிலும் இருக்கின்றன. சம்பளத்தைச் சொன்னால் அடுத்த செய்தி வராது.

காலை ஐந்தே முக்காலுக்குப் பக்கவாட்டுக் கதவைத் திறப்பேன். முதலில் கொதிகலன் அறைக்குப் போய் அழுத்தமானியின் முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பேன். குளிர்காலமென்றால் வாசல்படியில் உப்புத் தூவ வேண்டும். ஏழுக்குள் தூவாவிட்டால் ஏழரைக்கு ஒரு குழந்தை வழுக்கி விழும். பிறகு வகுப்பறைகள். ஏதாவது ஓர் அறையில் ஹீட்டர் குளிர்ந்து கிடக்கும். உள்ளே காற்று சிக்கியிருக்கும். சின்னச் சாவியால் திருகினால் உஸ்ஸென்று காற்று வெளியேறி, கடைசியில் இரண்டு சொட்டுத் தண்ணீர் வரும். மூடிவிட்டுக் கையை வைத்துப் பார்த்தால் சூடு ஏறிக்கொண்டிருக்கும். எட்டு மணிக்கு அந்த அறைக்குள் வருகிற இருபது பிள்ளைகளில் ஒன்றுகூட இதைக் கவனிக்காது. கவனிக்காமல் கோட்டைக் கழற்றும். அதைப் பார்ப்பதற்காகவே நான் சில நாள் நடைவழியில் நின்றிருக்கிறேன்.

மொழி இன்னும் முழுதாக வரவில்லை. முதல் மாதம் ஒரு கதவு பழுதாகிவிட்டது. அறிவிப்பு எழுதி ஒட்டினேன். நான் எழுதியதற்குப் பொருள் ‘இந்தக் கதவுக்கு உடம்பு சரியில்லை’ என்பது எனக்குத் தெரியாது. மறுநாள் காலை அந்தக் கதவில் ஏழெட்டுப் பிளாஸ்திரிகள் ஒட்டியிருந்தன. ஒன்றின்மேல் ‘சீக்கிரம் குணமாகு’ என்று பென்சிலில் எழுதியிருந்தது. ஏழு வருட மென்பொருள் வாழ்க்கையில் என் வேலைக்குக் கிடைத்த மதிப்புரைகள் எல்லாம் சேர்ந்தாலும் அந்தப் பென்சில் எழுத்துக்கு ஈடில்லை.

3

அந்த ஏழு வருடம் என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். சிறுசேரியில் மூன்று வருடம், அதே நிறுவனம் அனுப்பி ஜெர்மனியில் நான்கு வருடம். முகம் தெரியாத யாரோ, எங்கோ, ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் திரையில் ஏதோ தெரியவில்லை என்று புகார் கொடுப்பார்கள். அதற்கு டிக்கெட் என்று பெயர். என் வேலை டிக்கெட்டை மூடுவது. தீர்ப்பது வேறு, மூடுவது வேறு. தீர்க்காமல் மூடும் ஒருவனுக்கு ஒரு வருடம் நட்சத்திர ஊழியர் கேடயம் கொடுத்தார்கள். அவன் அதை நிறுவனப் பேருந்தில் மறந்துவிட்டுப் போனான்; தாம்பரம் வரை அது என் காலடியில் உருண்டுகொண்டே வந்தது.

ஒருநாள் எங்களை எல்லாம் பெரிய ஹாலில் உட்காரவைத்தார்கள். பெங்களூரிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்திருந்தார். உங்களுக்கு உண்மையாகவே பிடித்த வேலை எது என்று கண்டுபிடியுங்கள், அதைச் செய்யுங்கள், பிறகு வாழ்நாளில் நீங்கள் உழைக்கவே வேண்டாம் என்றார். இந்த ஆட்களுக்கு உண்மையாகவே பிடித்த வேலை ஒன்றே ஒன்றுதான். அது இதைச் சொல்வது. ஏசி ஹாலில் கண்ணை மூடச் சொன்னார். பிறகு கலர் சீட்டில் எழுதி ஒரு பலகையில் ஒட்டச் சொன்னார். பக்கத்து இருக்கை நண்பன் ‘பிரியாணிக் கடை’ என்று எழுதினான். நான் உத்தமன், எனக்குப் பொய் எழுத வரவில்லை. ‘யோசிக்க வேண்டும்’ என்று எழுதினேன். எல்லாரும் கைதட்டினோம். பதினொன்றரைக்கு டிக்கெட்டுகளிடம் திரும்பிப் போனோம்.

மறுநாள் காலை, ஹாலைச் சுத்தம் செய்கிற அக்கா அந்தச் சீட்டுகளைப் பிய்த்துப் பிய்த்து ஒரு கறுப்புப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

“ஏன்க்கா எடுக்கறீங்க?”

“யாரோ மேனேஜருக்கு பர்த்டே தம்பி. போர்டு வேணுமாம். உன்னுது இன்னா கலரு? வேணும்னா பொறுக்கிக்க.”

நான் பொறுக்கவில்லை. என் சீட்டில் பொறுக்கிக்கொள்ள எதுவும் இல்லை.

4

பிடித்த வேலையை நான் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு கதவு மூடவில்லை, அவ்வளவுதான்.

ஜெர்மனியில் சாயங்கால மொழி வகுப்பு ஓர் ஆரம்பப் பள்ளியில் நடந்தது. வகுப்பறைக் கதவு தானாகத் திறந்துகொண்டே இருந்தது. ஆசிரியை நாற்காலியை முட்டுக் கொடுத்தார், நாற்காலியும் நகர்ந்தது. பொறியியல் படித்தவர்கள் நான்கு பேர் அந்த வகுப்பில் இருந்தோம். நான்கு பேரும் இரண்டு வாரம் அந்தக் கதவை வேடிக்கை பார்த்தோம். மூன்றாவது வாரம் இடைவேளையில் ஒரு சின்னத் திருப்புளியால் கீழ்க் கீலின் இரண்டு திருகாணிகளை இறுக்கினேன். மூன்று நிமிட வேலை. கதவு மூடியது. மூடியபடியே இருந்தது. அந்த வாரம் நான் மூடிய டிக்கெட்டுகளில் ஒன்றுகூட நினைவில் இல்லை. அந்தக் கதவின் கிளிக் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது.

அதே பள்ளியின் அறிவிப்புப் பலகையில் பராமரிப்பாளர் தேவை என்று போட்டிருந்தார்கள். எனக்கு நிரந்தரமாகத் தங்கும் அனுமதி வந்துவிட்டிருந்தது. எந்த வேலையும் செய்யலாம். விண்ணப்பித்தேன். நகராட்சியின் பணியாளர் பிரிவில் ஓர் அம்மையார் என் பட்டத்தையும் என் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். ஒரு படிவத்தை நீட்டினார். ‘தகுதிக்குக் குறைவான பணியை விரும்பக் காரணம்’ என்று கேட்டு இரண்டு வரி இடம் விட்டிருந்தது. ‘பிடித்திருக்கிறது’ என்று எழுதினேன்.

“இது காரணம் இல்லை,” என்றார்.

“அதுதான் காரணம்.”

“கணினி இதை ஏற்காது. உடல்நலக் குறைவு, மனச்சோர்வு, குடும்பச் சூழ்நிலை. மூன்றில் ஒன்றைச் சொல்லுங்கள்.”

குடும்பச் சூழ்நிலை என்று அவரே எழுதிக்கொண்டார். ஒழுங்குக்குப் பெயர் போன நாடு. அதன் கோப்பில் நான் இன்றுவரை குடும்பக் கஷ்டத்தால் வந்தவன். அன்று அது பொய். பத்து மாதத்தில் உண்மையாகிவிட்டது.

5

அம்மா கிழக்குத் தாம்பரத்தில் ஓர் ஆங்கிலப் பள்ளியில் பத்தொன்பது வருடம் ஆயாவாக இருந்தாள். அந்த வேலையால்தான் அங்கே எனக்குப் பாதிக் கட்டணத்தில் இடம் கிடைத்தது. என்னைச் சேர்த்த அன்று கேட்டுக்கு வெளியே நிறுத்திச் சட்டைக் காலரைச் சரிசெய்தபடி சொன்னாள்.

“உள்ள என்ன அம்மான்னு கூப்டாத. ஆயான்னு கூப்டு. எல்லாப் புள்ளைங்களும் அப்டித்தான் கூப்டும்.”

“ஏன்?”

“சொன்னா கேளு.”

கேட்டேன். பன்னிரண்டு வருடம் ஒருமுறைகூடத் தவறாமல் கேட்டேன். பக்கத்துப் பையன் வாந்தி எடுத்தால் “ஆயா, இங்க வாங்க” என்று எல்லாரையும் போலக் கை தூக்குவேன். அவள் வாளியோடு வருவாள்; என்னைப் பார்க்காமல் துடைப்பாள். பத்தாம் வகுப்பு முடியும்போது எனக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கொடுத்தார்கள். அதற்குத் தகுதியானவன்தான் நான்.

நாலு மணிக்கு மேல் கதை வேறு. பிள்ளைகளும் வாத்தியார்களும் போனபின் முப்பத்திரண்டு அறைகளையும் அவள் பூட்ட வேண்டும். நான் சாவிக்கொத்தைத் தூக்கிக்கொண்டு கூடவே போவேன். எந்த ஜன்னல் கொக்கி மாட்டாது, எந்த அறைக் கதவை இடுப்பால் இடித்தால்தான் பூட்டு விழும், சோதனைக்கூடத்தில் எந்தக் குழாய் சொட்டும், எல்லாம் எனக்கு அத்துப்படி. பகலில் படித்ததில் பாதி மறந்துவிட்டது. இது மறக்கவில்லை. பள்ளிக்கூடம் எனக்குப் பிடித்ததெல்லாம் நாலு மணிக்கு மேல்தான்.

ஆகவே புது வேலையைச் சொன்னால் மற்ற யாருக்குப் புரியாவிட்டாலும் அம்மாவுக்குப் புரியும் என்று நினைத்தேன். படித்தவனின் முட்டாள்தனம்.

“ஸ்கூல்லயா? வாத்தியாராவா?” என்று ஃபோனில் கேட்டாள். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

“இல்லம்மா. பராமரிப்பு. சாவி, கதவு, ஹீட்டர்...”

வீட்டு வாசலில் தண்ணீர் லாரி ஹாரன் அடிப்பது மட்டும் கேட்டது.

“நா இன்னாத்துக்குடா அங்க பெருக்கினேன்? நீயும் வந்து கூட நின்னு பெருக்கறதுக்கா?”

“பெருக்கறது இல்லம்மா. அதுக்குத் தனி கம்பெனி வருது. டாய்லெட் கழுவறதும் அவங்கதான். அடைப்பு மட்டும்தான் நான் எடுப்பேன்.”

இதைச் சொல்லி முடித்தபோதே வெட்கமாக இருந்தது. பத்தொன்பது வருடம் கழுவியவளிடம் நான் கழுவவில்லை என்று நிரூபித்துக்கொண்டிருந்தேன். இந்தக் குறிப்புகளில் நான் கேவலமாக எழுதுகிற ஆட்கள் சிலர் உண்டு. அன்றைய என்னை அந்தப் பட்டியலில் முதலாவதாக வைக்கலாம்.

ஏழு வாரம் அவள் பேசவில்லை. பேச ஆரம்பித்தபின் அந்த விஷயத்தைத் தொடவில்லை. திவ்யாவைத் தவிர வேறு யாரிடமும் சொல்லவும் இல்லை. மாமா வாசித்த வரி அப்படித்தான் பத்திரிகைக்கு வந்தது.

6

கைப்பேசி கவிழ்ந்த அன்றைக்கே மத்தியானம், எனக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில், திவ்யா அழைத்தாள்.

“உனக்கு அறிவிருக்காடா?”

“என்ன ஆச்சு?”

“என்ன ஆகணும்? அவரு பஜ்ஜியத் தொடக்கூட இல்ல. காப்பி ஆடை கட்டிப்போச்சு. பேப்பர நாலா மடிச்சி பாக்கெட்ல வெச்சிகிட்டு, ‘பார்க்கலாம்’னு எழுந்துட்டாரு. மாமா பின்னாடியே கேட்டு வரைக்கும் ஓடறாரு, ‘சார், சார்’னு.”

“பிரகாஷுக்குத் தெரியும்தானே?”

“அவர்கிட்ட, பொண்ணு பார்த்துட்டுப் போன வாரமே நான் சொல்லிட்டேன். ‘அதுக்கென்ன’ன்னாரு. அப்பாகிட்ட கல்யாணம் முடிஞ்சி மெதுவா சொல்லிக்கலாம்னு வெச்சிருந்தாரு. நடுவுல நீ வந்து மைக்கப் புடிச்சிட்ட.”

“பொய்யைப் போடச் சொல்றியா?”

“பொய் இல்லாத பத்திரிகை ஒண்ணு காட்டு. மாமா பேருக்குக் கீழ என்ன தெரியுமா? ‘நிலச் சொத்து மேம்பாட்டாளர்’. ஸ்கூட்டி மேல உக்காந்து ஃபோன் பேசறதுக்குப் பேரு மேம்பாடு. யாராவது கேட்டாங்களா?” மூச்சு வாங்கிக்கொண்டாள். “உனக்குப் பிடிச்ச வேலை கிடைச்சிடுச்சி. சந்தோஷம்டா. நிஜமா சந்தோஷம். என் பத்திரிகைல எதுக்கு உன் பிரசங்கம்?”

சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தேன்.

“இது நின்னுச்சின்னா உனக்கு ஒண்ணும் இல்ல. நீ அங்க ஹீட்டர் திருகிட்டிருப்ப. நான்தான் தெனமும் நம்ம தெரு பஸ் ஸ்டாப்ல எல்லாரும் பாக்க நிக்கணும்.”

அவளுக்குப் பிரகாஷைப் பிடித்திருந்தது. அதை அவள் சொல்லவில்லை. நானும் அதுவரை கேட்டிருக்கவில்லை. என் மனசுக்குப் பிடித்தது எது என்பதைப் பற்றி இவ்வளவு யோசித்தவன், தங்கையின் மனசுக்குப் பிடித்தவன் யார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சாயங்காலம் மாமா அழைத்தார். அவரிடம் எப்போதும் ஒரு திட்டம் இருக்கும்.

“மருமவனே, பழைய ஆபீஸ் ஐடி கார்டு வெச்சிகினுகீறியா?”

“ஏன் மாமா?”

“அதக் கழுத்துல மாட்டிகினு, பின்னாடி கம்ப்யூட்டர் தெரியறாப்ல ஒரு போட்டோ அனுப்பு. ‘அன்னிக்கு பையன் ஜோக்கடிச்சான் சார்’னு நான் முடிச்சிடறேன். பட்டா இல்லாத எடத்தையே வித்துகீறேன், நீ இன்னாடா.”

சீ என்று சொல்லி ஃபோனை வைத்திருக்க வேண்டும். அன்றிரவு பெட்டியைக் குடைந்து அந்த அட்டையைத் தேடினேன். கிடைத்தது. கழுத்தில் மாட்டிக் கண்ணாடியில் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. மாமா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

படம் எடுக்கவில்லை. அதைப் பெருமையாகச் சொல்ல முடியாது. எடுக்காமல் விட்டேன், அவ்வளவுதான்.

7

ஒன்பது நாள் சேலையூரிலிருந்து, அதாவது மாப்பிள்ளை வீட்டிலிருந்து, ஒரு தகவலும் இல்லை. மண்டபம் பேசியாகிவிட்டது. புடவை எடுத்தாகிவிட்டது. அப்பா கட்டட வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பதாகத் திவ்யா செய்தி அனுப்பினாள்.

அந்த வாரத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் நிலன் என்று ஒரு தமிழ்ப் பையன். அவன் அப்பா பெருங்களத்தூர்க்காரர், இங்கே மென்பொருளில் பெரிய பொறுப்பில் இருக்கிறார். பொங்கல் விழாவில் முன்பு என்னைப் பார்த்தால், “நம்ம தாம்பரம் தம்பி” என்று தோளில் கை போடுவார். இந்த வேலையின் நீல மேலுடையில் பார்த்தபின் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார். கையையும் எடுத்துவிட்டார். நிலன் மட்டும் தினமும் வந்து கொதிகலன் அறையை எட்டிப் பார்ப்பான். அன்று நான் “சாப்பிட்டியா?” என்று கேட்டதற்கு ஜெர்மனில் பதில் சொன்னான்.

“தமிழ்ல சொல்லேன்.”

“வேண்டாம். உங்களோடு பேசினால் என் ஜெர்மன் கெட்டுவிடும் என்று அப்பா சொன்னார்,” என்றான், மிக நல்ல ஜெர்மனில். பிறகு, “கொதிகலனின் அந்த வால்வுச் சக்கரத்தை நான் ஒருமுறை திருப்பட்டுமா?” என்று கேட்டான்.

திருப்பவிட்டேன். அவன் முகத்தில் வந்த சிரிப்பை அவன் அப்பா பார்த்திருந்தால் உடனே வேறு பள்ளியில் சேர்த்திருப்பார்.

பத்தாம் நாள் சம்பந்தி மாமாவைக் கூப்பிட்டுப் பேசினார். கல்யாணத்தை நிறுத்த அவருக்கும் மனமில்லை. பிரகாஷ் வீட்டில் பிடிவாதமாக இருக்கிறான் என்பது பிறகு தெரிந்தது. ஆனால் அவர் பக்கத்து ஆட்கள் பத்திரிகையைப் படிப்பார்கள். ஒன்று, ‘பொறியாளர்’ என்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெண்ணின் அண்ணன் பெயரே வேண்டாம். “நல்லவேளை, அவங்கம்மா பார்த்த வேலையையும் போடுன்னு பையன் கேக்கல,” என்று சொல்லிச் சிரித்தாராம். மாமாவும் கூடவே சிரித்துவிட்டு, அதை நல்ல செய்தி மாதிரி எங்கள் வீட்டில் வந்து சொன்னார். அம்மா அப்போது வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அடுத்த வெங்காயத்தை எடுத்தாளாம்.

பிரகாஷ் ஒரு நடுவழி கண்டுபிடித்தான். உத்தியோகமே வேண்டாம், ‘பி.இ., ஜெர்மனி’ என்று மட்டும் இருக்கட்டும். பொய் இல்லை, உண்மையும் இல்லை. திவ்யா கேட்டாள், “உனக்கு ஓகேவா?” அவள் குரலில் ஒன்பது நாள் இருந்தது.

“ஓகே,” என்றேன்.

அறுநூறு பத்திரிகை அச்சடித்து வந்தது.

8

இனி எழுதுவது திவ்யா எனக்குச் சொன்னது.

பத்திரிகைக் கட்டைப் பிரித்து, முதல் பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, சாமி படத்துக்கு முன் வைத்தார்கள். பிறகு அம்மா இன்னொன்றை எடுத்துத் திவ்யாவிடம் நீட்டினாள்.

“படி. மாமன் படிச்சது போதும். நீ படி.”

திவ்யா படித்தாள். சம்பந்தி பெயர் வந்ததும் அம்மா நிறுத்தினாள்.

“அவருக்குக் கீழ இன்னா போட்டுகீது?”

“ஓய்வு பெற்ற துணை மேலாளர்.”

“ரிடைர் ஆனதக்கூடவா போடுவாங்க?”

“போடுவாங்கம்மா.”

“நானுந்தான் ரிடைரு. எனக்கு?”

“உனக்கு ஒண்ணும் இல்ல.”

“உங்கப்பாக்கு?”

“அப்பாவுக்கும் இல்ல.”

“சதீசுக்கு?”

“பி.இ., ஜெர்மனி.”

“ஜெர்மனின்றது வேலையா?”

“ஊரும்மா.”

“ஊருன்னு எனக்குத் தெரியாதா? அவன் இன்னா, ஊருக்கே ராஜாவா? புள்ள காலங்காத்தால ஐஸ்ல போய் நின்னுகினு வேல செய்றான். ஊரு பேரப் போட்டு மூடி வெச்சிகீறீங்க.”

“நீதானம்மா ஒரு வருஷமா மூடி வெச்ச,” என்றாளாம் திவ்யா.

“ஆமா, வெச்சேன். அவரு சிரிச்சாரு பாரு, அதோட போச்சி. நாளைக்குக் காலைல பிரெஸ்ஸுக்குப் போறோம். எங்க வூட்டு ஆளுங்க பேருக்குக் கீழ அவங்கவங்க வேலயப் போட்டு வேற அடிக்கச் சொல்லு. உன் கல்யாணம். உனக்கு வேணாம்னா இப்பவே சொல்லிடு, நான் வாயத் தொறக்கல.”

திவ்யா மாடிக்குப் போய்ப் பிரகாஷை அழைத்தாள். அரை மணி நேரம் பேசினார்கள். அவன் கடைசியில் சொன்னது இதுதான்: “அடிங்க. எங்கப்பாவுக்குப் பழசுல ஒரு கட்டு குடுத்துடுங்க. அவர் ஆளுங்களுக்கு அவர் அதையே வெச்சிக்கட்டும். தாலி கட்டப் போறது பத்திரிகை இல்லையே.”

அவள் கீழே வந்து ஒரு தாளில் எல்லாருக்கும் ஒரு வரி எழுத ஆரம்பித்தாள். அப்போதுதான் அப்பா இத்தனை நாளில் முதல்முறையாக வாயைத் திறந்தார்.

“எனக்கு மேஸ்திரின்னு போடச் சொல்லு. கொத்தனார்னு போட்டுடப் போறான்.”

மேற்குத் தாம்பரத்தில் அச்சகக்காரர் தாளைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

“ஆயான்னு யாரும் போடறதில்லையேம்மா. ‘பள்ளி ஊழியர், ஓய்வு’ன்னு டீசன்டா போட்டுடறேன்.”

“டீசன்ட்டு இன்னா டீசன்ட்டு. நீ உன் கல்யாணத்துக்குப் போட்டுக்க. எனக்கு ஆயான்னு போடு.”

திவ்யா புதுப் பத்திரிகையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். கொதிகலன் அறையில் நின்று பெரிதாக்கிப் பார்த்தேன். ராஜேந்திரன், கட்டட மேஸ்திரி. கஸ்தூரி, பள்ளி ஆயா (ஓய்வு). ஆர். சதீஷ், பி.இ., பள்ளிப் பராமரிப்பாளர், ஜெர்மனி. முருகேசன் மாமாவுக்கு மட்டும் பழைய மேம்பாடு அப்படியே இருந்தது, “அவன் பொய்ய நாம எதுக்குத் திருத்தணும்?” என்று அம்மா விட்டுவிட்டாளாம்.

ஆக, அடுத்த மாதம் ஒரே மண்டபத்தில், ஒரே முகூர்த்தத்தில் நடக்கும் ஒரு கல்யாணத்துக்கு இரண்டு பத்திரிகைகள். பழைய கட்டைச் சம்பந்தி வேண்டாம் என்று சொல்லவில்லை. எண்ணிப் பார்த்து இருநூறு எடுத்துக்கொண்டார். சேலையூரில் நான் ஜெர்மனி. முடிச்சூரில் எனக்கு வேலை இருக்கிறது. இரண்டு பத்திரிகைகளும் ஒரே உறவினர் கையில் சேர்ந்தால் என்ன பேசுவார்கள் என்பதை மண்டபத்தில் நேரிலேயே கேட்டுக்கொள்கிறேன். தலைமையாசிரியை மூன்று வாரம் விடுப்பு கொடுத்துவிட்டார்.

நேற்று அம்மா அழைத்தாள். என் வேலையைப் பற்றி முதன்முறையாக ஒரு கேள்வி கேட்டாள்: எத்தனை அறை பூட்ட வேண்டும் என்று. இருபத்தாறு என்றேன்.

“அவ்ளோதானா?” என்றாள். குரலில் அப்பட்டமான இளக்காரம்.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“உன் ஒரு வரிக்கு எவ்ளோ ஆச்சின்னு தெரியுமா? புதுசா நானூறு பத்திரிகை பதினோராயிரத்து எரநூறு. ரெண்டு நாள்ல வேணும்னதுக்கு ஆயிரத்து நானூறு தனியா வாங்கிட்டான். ஆட்டோ போக வர நூத்தி எம்பது. என் கைக்காசு. மொத்தம் பன்னெண்டாயிரத்து எழுநூத்தி எம்பது ரூபா.”